கண்மாய்க்குக் கீழே ஊறல் வயல்: மண் அடிச்சு மேடாக்கலாமா?

வைகைக்கரை:
சோழவந்தான் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, களிமண். கண்மாய்க் கரையிலிருந்து 150 அடி தள்ளி ஆரம்பிக்குது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கீழ்க்கோடி 50 சென்ட் மாசி வரைக்கும் காயாது, டிராக்டர் இறங்கினா அச்சு வரை புதையுது. அதை வாழைக்கு மாத்தணும். ஓர் அடிக்குக் கிராவல் அடிச்சாப் போதும்ங்கிறாங்க. சரியா வருமா?

மேட்டுமடை:
வேண்டாம்ணே. 50 சென்டை ஓர் அடி உசத்த 218 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும், அமுங்குறதுக்கு இன்னும் கூட. அவ்வளவு கொட்டினாலும் அடியில ஊறுற தண்ணி அங்கேயேதான் இருக்கும்.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. மேல்வரப்பு, நடு, கீழ்க்கோடி மூணு இடத்துலயும் 4 அடி ஆழத்துக்குத் துளை போட்டு, பக்கவாட்டுல ஓட்டை போட்ட 2 இஞ்ச் பிவிசி குழாய் இறக்குங்க. சுத்தி மணல் கொட்டி, மேல ஓர் அடியைக் களிமண்ணால இறுக அடைக்கணும். அடைக்கலேன்னா மழைத்தண்ணி குழாய் ஓரமா இறங்கி அளவு பொய்யாயிடும். வாரம் ரெண்டு தடவை குச்சி விட்டு மட்டத்தை எழுதுங்க. மழை விட்டும் இறங்காம, கண்மாய் வத்த வத்தக் கூடவே இறங்கினா அது கண்மாய்லேர்ந்து மண்ணுக்கடியில கசிஞ்சு வர்ற ஊறல். மழைக்கு ஏறி உடனே இறங்கினா வெறும் மேல்தண்ணி, வரப்போரம் ஒன்றரை அடி வடிகாலே போதும்.

கொடிக்கால்:
ஊறல்னு உறுதியானா வடிகாலை ஈரம் தெரியுற கீழ்க்கோடியில வெட்டிப் பிரயோஜனம் இல்ல. மேல்வரப்பு ஓரமா, தண்ணி வர்ற திசைக்குக் குறுக்கே வெட்டி மறிக்கணும். ஆழம் 3 அடி, அடியகலம் 1 அடி, ரெண்டு பக்கமும் சரிவு ஒண்ணுக்கு ஒண்ணு (ஓர் அடி ஆழத்துக்கு ஓர் அடி அகலம்), அப்ப மேலகலம் 7 அடி. களிமண்ல செங்குத்தா வெட்டினா முதல் பெருமழைக்கே சரிஞ்சு மூடிக்கும். 100 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம். 20 அடிக்கு ஒருதரம் டியூப் மட்டம் (தண்ணி நிரப்பின டியூப்ல பார்க்கிற மட்டம்) பாருங்க, நடுவுல ஒரு இடம் குழிஞ்சாலும் அங்க வண்டல் தங்கும்.

7 அடி இடம் போகுதேன்னு நினைச்சா 4 இஞ்ச் ஓட்டைக் குழாயைப் புதைக்கலாம், ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்கணும். 200 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி 2 யூனிட். வடிகட்டித் துணியைக் குழாய்மேலேயே சுத்தாதீங்க, நைஸ் மண் அப்பி அடைச்சிடும். பள்ளத்துச் சுவர்ல விரிச்சு அதுக்குள்ள ஜல்லி போடுங்க.

கண்மாய்க் கரை அடியை ஒட்டி மட்டும் மண்வெட்டி வைக்கவே கூடாது. கசியுற தண்ணி தெளிவா இருக்குற வரை பயமில்ல. கலங்கி வந்தா கரை மண்ணை அரிச்சுட்டு வருதுன்னு அர்த்தம், அன்னைக்கே சொல்லிடணும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு மேலன்னா நீர்வளத்துறைக்கு, கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொல்லணும்.

வைகைக்கரை:
நன்றிண்ணே. வடிகிற ஓடையோட அடிமட்டம் கீழ்க்கோடி வயலைவிட 2 அடிதான் கீழ இருக்கு.

மேட்டுமடை:
அப்ப கீழ்க்கோடியில வடிகால் ஒன்றரை அடிக்கு மேல போக முடியாது. கார்த்திகையில ஓடைத்தண்ணி எந்த உயரத்துல நிக்குதுன்னும் பாருங்க, சித்திரையில பார்த்த மட்டம் உதவாது. ஓடை நிறைஞ்சா எதிர்த்து ஏறும், வாய்ல ஒரு பலகை மடை வைங்க. பக்கத்து வயல்ல விட்டா வழக்குதான், புல எல்லைப் படத்துல ஓடைப் புறம்போக்கு எதுவரை வருதுன்னு பார்த்துட்டு வெட்டுங்க.

வாழைக்கு நம்ம பக்கத்துக் கொடிக்கால் (வெத்தலைத் தோட்டம்) முறையே சரி. 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணை 6 அடி பாத்தியில போட்டா பாத்தி அரை அடி உசரும். வாய்க்காலோட அடியிலிருந்து பாத்தி மேல்மட்டம் 2 அடி. வெளியிலிருந்து ஒரு லோடு மண் வேண்டாம்.

களர்நிலம்:
நடுறதுக்கு முன்னாடி மண் சோதனை பண்ணுங்க. பல வருஷம் ஊறின இடத்துல உப்பு மேல ஏறியிருக்கும். பிஎச் 8.5-க்கு மேல போய் சோடியமும் கூடுதலா இருந்தா ஜிப்சம் வேணும், எவ்வளவுன்னு சோதனை அறிக்கை சொல்லும். ஆனா வடிகால் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் போடணும். சோடியம் தண்ணியோட வெளியேற வழியில்லேன்னா போட்ட ஜிப்சம் வீண்.