கண் முன்னே இருந்தும் காணாமல் போனவை

பிழைதிருத்துபவன்:
இருபது ஆண்டுகளாகப் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. சென்ற மாதம் ஒரு நூலை ஒற்றுப்பிழைகூட விடாமல் நான்கு முறை படித்து முடித்தேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது, அட்டையில் ஆசிரியர் பெயரிலேயே ஓர் எழுத்து இல்லை. அந்த அட்டையின் மாதிரி மூன்று நாள்களாக என் மேசையில், முகத்துக்கு நேரே சாய்ந்து நின்றது. இப்படி யாருக்காவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நெடுஞ்சாலை:
உங்களுக்கு ஓர் எழுத்து. எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளே காணாமல் போனது. சந்திப்பில் காரை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். சத்தியமாகப் பார்த்தேன். அவர் பிரேக் பிடித்ததால் இருவரும் தப்பினோம். "கண் தெரியவில்லையா?" என்று கேட்டார். கார் வருகிறதா என்று தேடிய கண்ணுக்குக் கார் மட்டும்தான் தட்டுப்படும் போலிருக்கிறது.

எக்ஸ்ரே அறை:
நான் கதிரியக்க மருத்துவர். பயிற்சிக் காலத்தில் ஒரு மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறிவைக் கண்டுபிடித்துப் பெருமையோடு அறிக்கை எழுதினேன். இரண்டு விரல்கடை தள்ளி இன்னொரு முறிவு இருந்தது. ஒன்று கிடைத்ததும் தேடல் தளர்ந்துவிடும். எங்கள் துறையின் பழைய நோய் இது.

2013இல் ட்ரூ, வோ, வுல்ஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 24 கதிரியக்க மருத்துவர்கள் நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடினார்கள். கடைசி நோயாளியின் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவியோ, அந்த 20 பேரில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லாவின் மீதே விழுந்ததாகக் காட்டியது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உளவியல் வாத்தியார்:
பிழைதிருத்துபவர் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அவர் கவனம் முழுக்க உள்பக்கங்களுக்குச் செலவாகிவிட்டது.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. அடுத்து எங்கே தாவுவது என்பதை மூளையின் முன்பகுதி, உச்சந்தலைக்குக் கீழே சற்றுப் பின்னால் உள்ள பரைட்டல் மடல், நடுமூளையில் உள்ள ஒரு சிறு மேடு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. நாம் தேடும் பொருளோடு ஒத்துப்போகும் சமிக்ஞைகளுக்கு அங்கிருந்து பலம் கிடைக்கிறது, மற்றவை அமுங்குகின்றன.

கண் அசையாமலும் இது நடக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் இருட்டில் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தி, மின் தீப்பொறியின் கண நேர வெளிச்சத்தில் எழுத்துகள் நிறைந்த தாளைப் பார்த்தார். முன்கூட்டியே மனத்தில் குறித்துக்கொண்ட பகுதியின் எழுத்துகள்தாம் அவருக்குப் பிடிபட்டன. வகுப்பில், கண்ணை நகர்த்தாமல் ஓரத்தைக் கவனியுங்கள் என்றால் முதலில் எல்லோரும் ஏமாற்றுவார்கள். கண் ஓடிவிடும்.

அப்பாவின் இடப்பக்கம்:
உங்கள் கதைகள் நொடிகளில் முடிந்துவிட்டன. எங்கள் வீட்டில் இது எட்டு மாதமாக நடக்கிறது. அப்பாவுக்கு வலது மூளையில் பக்கவாதம். வீடு திரும்பிய அன்று தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் பசிக்கிறது" என்றார். தட்டைச் சுழற்றி வைத்தேன். "இதை எப்போது வைத்தாய்?" என்று கேட்டார். முகத்தில் வலது பாதிக்கு மட்டும் சவரம். கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணில் குறையில்லை. நரம்பியல் மருத்துவர் விளக்கினார்: வலது மூளை இரு பக்கத்தையும் கவனிக்கும், இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும். வலது பழுதானால் இடப்பக்கத்துக்கு ஆளில்லை. இருட்டாகத் தெரிந்தாலாவது திரும்பிப் பார்ப்பார். அங்கே ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. இது புரிவதற்கு முன் அவரிடம் பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

இப்போது செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுக்கிறேன். கோடு கண்ணில் படும்வரை தேடிவிட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

உளவியல் வாத்தியார்:
அம்மா, 1978இல் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் இதே குறையுள்ள நோயாளிகளிடம் இத்தாலியின் மிலான் நகரில் கதீட்ரல் என்னும் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தைக் கற்பனையில் விவரிக்கச் சொன்னார்கள். கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது இடப்பக்கக் கட்டடங்கள் விடுபட்டன. எதிர்முனைக்குப் போய் நிற்பதாக நினைக்கச் சொன்னதும் விடுபட்டவை வந்தன, முன்பு சொன்னவை போயின. அப்பா களைத்திராத நேரமாகப் பார்த்துக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவின் இடப்பக்கம்:
நேற்று மாலை கேட்டேன் ஐயா. எங்கள் பழைய வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நுழைவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். சமையலறை, மாடிப்படி, அம்மாவின் தையல் இயந்திரம் என்று சொல்லிக்கொண்டே போனார். இடப்பக்கம் இருந்த என் அறை வரவே இல்லை. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். தொண்டை அடைத்தது. சரி, பின்கதவு வழியாக வாருங்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"வலப்பக்கம் உன் அறை. கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பாய்" என்றார்.