வீட்டுக் கிணறு இன்னும் வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவொற்றியூரிலிருந்து:
எங்கள் தெருவில் மூடாமல் இருப்பது எங்கள் உறைக்கிணறு மட்டும்தான். மற்ற வீடுகளில் எல்லாம் போர்வெல் போட்டுவிட்டார்கள். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோது அந்த போர்களில் வந்தது வெறும் உப்பு. எங்கள் கிணற்றில் தண்ணீர் கம்மிதான், ஆனால் அதில் பருப்பு வெந்தது.

காரணம் மணல். கடலோர மணலில் இறங்கும் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அந்த 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். ஆழத்தில் மோட்டார் வைத்து இழுப்பவர் முதலில் மாட்டுவார். அதனால்தான் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் மாடிக் குழாயை நேராகக் கிணற்றுப் பக்கம் திருப்பினோம், நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி.

எங்கள் ஆயா காலத்தில் கிணற்று வாளியைத் தரையில் வைத்தால் திட்டு நிச்சயம்.

மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து:
அண்ணா, உங்களுக்கு உப்பு கீழேயிருந்து வந்தது, எங்களுக்குப் பக்கவாட்டில் வந்தது. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து வருஷக்கணக்கில் இறைத்ததில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இப்போது மாடு கழுவத்தான். காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும், அது நகரத்துக்கு. கிராமத்துக் கிணற்றை உறிஞ்சிவிட்டு ஊருக்கு லாரி அனுப்புவதற்குப் பெயர் திட்டமா என்ன?

தண்டையார்பேட்டையிலிருந்து:
சுகாதாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கிணற்றைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் வாய் வழியாக உள்ளே போகும் அழுக்குதான். ஜிம்பாப்வே கிராமங்களில் குடும்பக் கிணறுகளைச் சரிசெய்தபோது செய்ததும் அதையே பார்த்துத்தான்: உள்ளே செங்கல் சுவர், மேலே கான்கிரீட் மூடி, அதில் உயர்த்திய வாய், தகர மூடி, சுற்றிலும் சிந்திய தண்ணீர் தள்ளிப் போக ஒரு சிமெண்ட் தளம், கயிறு சுற்றும் உருளை. பம்பு கெட்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டிய கவலை இல்லை, குடும்பமே பார்த்துக்கொள்ளும்.

மழை வெள்ளம் போனதும் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அள்ளிக் கொட்ட வேண்டாம். 3 அடி அகலக் கிணற்றில் 6 அடித் தண்ணீர் என்றால் சுமார் 1200 லிட்டர். வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 3 கிராம். வெள்ளத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் முதலில் இறைத்து வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். ஒரு வாளியில் குழைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது தொடக் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
ஐயா, எங்கள் கிணற்றில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது. இதே பிளீச்சிங் போட்டால் போகுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து:
போகாது அம்மா. அது கிருமிக்குத்தான் மருந்து, எண்ணெய்க்கும் உப்புக்கும் இல்லை. காய்ச்சினாலும் சரிவராது. 2013-ல் எங்கள் பக்கம் எண்ணெய்க் குழாய் கசிந்து நிலத்தடித் தண்ணீரில் எண்ணெய் கலந்ததைப் பார்த்தவன் நான். சமையலுக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுக் கிணறுகளிலும் முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து மனு கொடுங்கள்.