பெரியம்மாவின் ரிப்போர்ட்

அண்ணன்: அம்மாவின் ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். 14.2. பக்கத்தில் 'அதிகம்' என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் யார் கூடப் போவது? எனக்கு அன்று லீவு கிடைக்காது

மாமா: அதிகமா? நான் அப்பவே சொன்னேன், தைராய்டு மாத்திரை ஜாஸ்தி என்று. பெரியக்கா, இன்றோடு நிறுத்திவிடு

பெரியம்மா: ரெண்டு மாதமாகப் பாதிதான் போடுகிறேன்

அம்மா: அக்கா!!

அண்ணன்: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே

பெரியம்மா: தம்பி, நீ குரூப்பில் அனுப்பியதைத்தான் படித்தேன். இந்த மாத்திரை எலும்பை அரிக்குமாம்

சித்தி: தம்பி, நிறுத்து என்று மட்டும் சொல்லாதே. அந்த எண்ணைத் தலைகீழாகப் படிக்கிறாய். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. கழுத்தில் இருக்கிற தைராய்டைப் பார்த்து 'இன்னும் கொடு, இன்னும் கொடு' என்று அது போடும் சத்தம். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் தைராக்சின், மாத்திரையில் இருப்பதும் அதுதான். ரத்தத்தில் அது போதுமான அளவு இருந்தால் சத்தம் அடங்கும். குறைந்தால் கூடும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது 14க்குப் போயிருக்கிறது என்றால், பெரியக்கா உடம்புக்குத் தைராக்சின் பற்றவில்லை. பாதி மாத்திரை போட்டால் அப்படித்தான் ஆகும்

மாமா: எண் கூடினால் மருந்து குறைச்சலா?

சித்தி: ஆமாம்

அக்கா: அப்ப சர்க்கரை டெஸ்ட் மாதிரி இல்லையா சித்தி?

சித்தி: இல்லைம்மா. அங்கே சர்க்கரையையே அளக்கிறோம். இங்கே தைராய்டை வேலை வாங்குகிறவரின் குரலை அளக்கிறோம். டி4, அதாவது தைராக்சினையே, அளந்து பார்த்தார்களா?

அண்ணன்: ஃப்ரீ டி4 0.7. 'குறைவு'

சித்தி: சரியாகப் பொருந்துகிறது பார். ஹார்மோன் என்றாலே இப்படித்தான். நரம்பு மாதிரிக் கம்பி எதுவும் இல்லை, ரத்தத்தில் கலந்து போகும் செய்தி. 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் 'தூண்டிவிடுவது' என்று பொருள். உடம்பு முழுக்கப் போகும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இருக்கிற செல்லில்தான் வேலை செய்யும். தைராக்சினுக்கு அநேகமாக எல்லா செல்லிலும் ஏற்பி உண்டு. அதனால்தான் குறைந்தால் குடல், தோல், இதயத் துடிப்பு, ஞாபகம் எல்லாமே மந்தமாகிறது

மாமா: குட்டியக்கா கிளாஸ் ஆரம்பம் 😀

அம்மா: எடுக்கட்டும். நீ அனுப்பியதுக்கு இது மேல்

மாமா: நல்லதுக்குத்தானே அனுப்பினேன் சின்னக்கா

சித்தி: தம்பி அனுப்பியது முழுக்கப் பொய்யும் இல்லை. தைராக்சின் தேவைக்கு மேல் பல வருடம் போனால் எலும்பு தேயும், நெஞ்சு படபடக்கும். அதைத் தடுக்கத்தான் ரத்தம் எடுத்து அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். சரியான அளவு எலும்பை அரிக்காது

பெரியம்மா: எனக்கு ஒன்றும் செய்யவில்லையே. நன்றாகத்தான் இருக்கிறேன்

அண்ணன்: மதியம் 2 மணிக்குப் படுத்தால் 5 மணிக்கு எழுந்திருக்கிறாய். ஃபேன் போட்டால் சண்டை

சித்தி: மெதுவாக வருவதால் அவளுக்கே தெரியாது. ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 7 நாள். விட்டதும் தெரியாது, திரும்பப் போட்டதும் தெரியாது. அளவு மாற்றினால் 6, 8 வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள்

தம்பி: சித்தி எனக்கு ராத்திரி 2 மணி வரை தூக்கம் வரவில்லை. அதுவும் ஹார்மோனா

அம்மா: போனைக் கீழே வை. தானாக வரும்

சித்தி: அம்மா சொல்வது சரிதான். இருட்டினால் சுரக்கிற மெலடோனினை வெளிச்சம் அமுக்கிவிடும்

அம்மா: நம் அம்மாவும் கடைசி வருடங்களில் இப்படித்தான். வெயில் காலத்திலும் போர்வை

அக்கா: [புகைப்படம்] பாட்டி, என் முதல் பிறந்தநாளில்

சித்தி: முகம் உப்பியிருக்கிறது. புருவத்தில் வெளி ஓரத்து முடியே இல்லை பாருங்கள். குரலும் கரகரத்துப் போயிருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

பெரியம்மா: போனில் பேசினால் அப்பா என்று நினைப்பார்கள்

மாமா: அப்பா அம்மாவைச் சோம்பேறி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்

அம்மா: அப்பா மட்டுமா சொன்னார்

மாமா: சின்னக்கா, அப்ப எனக்குப் பதினேழு வயது

சித்தி: ரத்தம் பார்க்கவே இல்லை, அதனால் அம்மாவுக்கும் தைராய்டுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. பெரியக்கா, உன்னையும் அப்படி விடமுடியாது

பெரியம்மா: சரி சரி. நாளையிலிருந்து முழுசாகப் போடுகிறேன். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துத்தானே?

சித்தி: சேர்த்தா??

பெரியம்மா: ரெண்டையும் ஒன்றாக முழுங்கிவிட்டுக் காபி குடிப்பேன்

சித்தி: ஐயோ அக்கா. கால்சியம் அதில் ஒரு பங்கைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்கு முழுசாகப் போகாது. தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபிக்கு அரை மணி, ஒரு மணி பொறு. கால்சியம், இரும்புச்சத்து எதுவானாலும் 4 மணி நேரம் தள்ளி. பாதி போட்டது, சேர்த்துப் போட்டது எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். இல்லையென்றால் 14ஐப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார்

அண்ணன்: வெள்ளிக்கிழமை யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

மாமா: நான் வருகிறேன்

பெரியம்மா: நீ வந்தால் அங்கேயும் டாக்டரிடம் வாதாடுவாய்

மாமா: வாயே திறக்கமாட்டேன் பெரியக்கா

அம்மா: நானும் வரலாம். காலையா சாயங்காலமா?

அண்ணன்: இன்னும் டோக்கன் போடவில்லை