லண்டன் பழைய வீடு: சுவரின் உள்பக்கம் வெப்பக் காப்பு, மாடித் தரையைத் தாங்கும் மர உத்தரங்களின் (ஜாயிஸ்ட்) முனைகளை என்ன செய்வது?

வணக்கம். இங்கே பழைய வீட்டு வேலை தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தில் வழி சொல்லுங்கள்.

விக்டோரியா காலத்து டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டியது. நடுவில் இடைவெளி இல்லாத 9 அங்குலச் செங்கல் சுவர், யூ-வேல்யூ (சுவர் வழியே வெப்பம் வெளியேறும் அளவு, குறையக் குறைய நல்லது) 2.1 அளவில் இருக்கும். முன்பக்கச் செங்கலை மறைக்க மனமில்லை. அதனால் குளிரைத் தடுக்க உள்ளே 60 மி.மீ. வுட் ஃபைபர் (மரநார்) போர்டு, அதன் மேல் லைம் பிளாஸ்டர் (சுண்ணாம்புப் பூச்சு). கணக்குப் போட்டால் 0.5க்கு இறங்குகிறது. 0.30 வேண்டுமென்றால் 115 மி.மீ. போட வேண்டும். ஆனால் போர்டு தடிக்கத் தடிக்கச் செங்கல் குளிர்ந்துபோகும், மழையில் குடித்த ஈரம் லேசில் காயாது. 60 போதும் என்றே நினைக்கிறேன். ஃபாயில் ஒட்டிய பிஐஆர் (பிளாஸ்டிக் நுரை போர்டு) வேண்டவே வேண்டாம், ஈரம் உள்பக்கம் காய வழியே இருக்காது.

போர்டுக்குப் பின்னால் காற்று இடைவெளி விடாமல், சுவரைச் சுண்ணாம்புக் கலவையால் சமப்படுத்தி அழுத்தி ஒட்டப்போகிறோம். ஜன்னல் ஓரங்களில் 20 மி.மீ. போர்டாவது திருப்பாவிட்டால் அங்கேதான் கரும்பூஞ்சை பிடிக்கும்.

சிக்கல் மாடித் தரையில். ஜாயிஸ்ட் முனைகள் 4 அங்குலம் சுவருக்குள் இருக்கின்றன. தென்மேற்குச் சுவர், சாரல் நேராக அடிக்கும். மரத்தின் ஈரம் இப்போது 16 சதவீதம். 20ஐத் தாண்டி அப்படியே நின்றால் உளுத்துப்போகும் ஆபத்து. தரைப் பலகையைத் தூக்கி ஜாயிஸ்டுகளுக்கு இடையிலும் போர்டு வைத்து, முனையைச் சுற்றிக் காற்றுப் புகாத டேப் ஒட்டுவதா? இல்லை, ஜாயிஸ்ட் இருக்கும் அந்த உயரத்தில் மட்டும் போர்டு வைக்காமல் விட்டு முனைக்குக் கொஞ்சம் சூடு கிடைக்க விடுவதா? இரண்டில் ஒன்றைச் செய்து, குளிர்காலம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம் காட்டியது என்று சொல்லுங்கள்.