வாட்டர் பம்பின் அடித்துளைக்கு ஒரு சொல் வேண்டும்

மயிலாடுதுறையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகப் பழைய கார் எஞ்சின் பராமரிப்புப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை இருக்குமே, அங்கேதான் நிற்கிறேன். உள்ளே சீல் தேய்ந்தால், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் பேரிங்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே வரும். நான் ‘கசிதுளை’ என்று எழுதினேன். படித்த மாணவர் ஒருவர் வகுப்பு எஞ்சினில் அதை எம்சீல் வைத்து அடைத்துவிட்டார். கசிந்தால் அடைப்பதுதானே முறை என்கிறார். அவர்மேல் தப்பில்லை, என் சொல்மேல்தான். அப்புறம், கூலண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். குளிரூட்டி என்றால் எல்லாரும் ஏசியை நினைக்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
‘ஆற்றுநீர்’ என்று வைக்கலாம். பாலை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம். எஞ்சின் சூட்டை ஆற்றுவதும் அதே வினைதான். ஆற்றிய, ஆற்றுகின்ற, ஆற்றும் நீர்: வினைத்தொகை. பார்க்கப்போனால் ‘தண்ணீர்’ என்பதே தண்மையான நீர். ‘சுடுதண்ணீர்’ என்று சொல்லிச் சொல்லித் தண் என்னும் அடியை மறந்துவிட்டோம். தண்டமிழ், தண்ணளி, தணல் தணிதல் என்று இந்த வேரைப் பற்றியே தனி மடல் எழுதலாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
ஐயா, காவிரிப் பாசனத்தில் இருந்துகொண்டு ஆற்றுநீர் என்றால் ஆற்றில் மொண்டுவந்துதான் ஊற்றுவார்கள். ஆறு + நீர் என்றாலும் றகரம் இரட்டி அதே ஆற்றுநீர்தானே வருகிறது? கடலோரப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டர் அரித்துப்போகும். எத்திலீன் கிளைக்கால் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று வண்டிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறபடி கூலண்ட் என்றே போடுங்கள். துளைக்கு வருவோம். வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் பொசியும் அல்லவா? ‘பொசிதுளை’ சரியாக இருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து:
கூலண்ட் சரி. பொசிதுளைதான் உதைக்கிறது. நண்டு வளையைக் கண்டால் மண் வைத்து மிதிப்போம், மறுபடியும் அடைப்புதான். இது வடிவதற்கென்றே வைத்த துளை. மதகுக்கும் பாலத்துக்கும் நாம் ‘கண்’ கணக்குச் சொல்கிறோம், பத்துக்கண் பாலம் என்கிறோம். எனவே ‘வடிகண்’. வடிகால் தெரிந்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். கண்ணீர் வடிப்பதும் கண்தானே. பாடத்தில் இப்படி வருகிறது: “எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஹோஸ் கிளிப்பில் ஈரம் தெரிந்தால் அளவாக இறுக்குங்கள். வடிகண்ணில் காய்ந்த கறை மட்டும் இருந்தால் கவனித்து வாருங்கள். சொட்டினால் பம்பை மாற்றுங்கள். எந்த நிலையிலும் வடிகண்ணை அடைக்காதீர்கள்.”

தஞ்சாவூரிலிருந்து:
இலக்கியத்தில் ‘வடிக்கண்’ என்றால் மாவடுவைப் பிளந்தது போன்ற கண். அச்சில் ஓர் ஒற்று கூடினால் பொருள் எங்கேயோ போய்விடும்.

மயிலாடுதுறையிலிருந்து:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஐயா. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. மெய்ப்பு நானே பார்க்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
வடிகண்ணுக்கு என் ஒப்புதல். பிள்ளைகள் வாயில் நுழைகிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
எனக்கும் சம்மதம். பொசிதுளையை விட்டுவிடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
துளைக்குச் சரி. கூலண்டுக்கு மட்டும் நான் உடன்படவில்லை. ஆற்றுநீர் வேண்டாமென்றால் ‘சூடாற்றி’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.