பலூச் தொழுகை விரிப்பு: முதலில் ஓரங்களைப் பாருங்கள்

ஷார்ஜாவிலிருந்து

ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் வாழும் பலூச் மக்களின் பழைய முஸல்லா, அதாவது தொழுகை விரிப்பு, என்று சொல்லி யாராவது ஒன்றை விரித்துப் போட்டால், நடுவிலிருக்கும் மரக் கோலத்தையும், தொழும் திசையைக் காட்டும் மாடம் போன்ற மிஹ்ராபையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் இரண்டு முனைகள், அடுத்து பக்கக் கரை, பிறகு புரட்டிப் போட்டு முதுகு. நடுக்கோலத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து நெய்துவிடலாம். ஓரத்தில்தான் நெய்த பெண்ணின் கை வழக்கம் தெரியும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து வந்த வயதான வியாபாரி ஒருவர். அவர் கடையில் ஆளுயரத்துக்கு விரிப்புகள் அடுக்கியிருக்கும். ஒரு நாள் அடியிலிருந்து சிறிய விரிப்பு ஒன்றை உருவினார். அகலம் 3 அடி, நீளம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒட்டக நிறத் தளத்தில் மரம், மேலே சதுரமாக முடியும் மிஹ்ராப், அதன் இரு பக்கமும் சிறு கட்டங்கள். ஸுஜூதில், அதாவது நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும்போது, கை படும் இடம் அந்தக் கட்டங்கள். சில விரிப்புகளில் அங்கே விரிந்த கையையே நெய்திருப்பார்கள். அவர் அதை மடித்து என் தோளில் போட்டார். போர்வை போலத் தழைந்து விழுந்தது. பக்கக் கரை முழுவதும் கறுப்பு வெள்ளாட்டு மயிர். இரு முனையிலும் முடிச்சில்லாத தட்டை நெசவுப் பட்டை, அதில் ஊசியளவு மெல்லிய வண்ணக் கோலங்கள். “இது அசல் உடம்பு, யாரும் கத்தி வைக்கவில்லை” என்றார்.

அதன் கோடுகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சிவப்பும் நீலமும் மேடாக இருந்தன, கறுப்பு மட்டும் பள்ளமாக இருந்தது. கறுப்புக்கு இரும்பு சேர்த்த சாயம் போடுவார்கள். அது காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். வேர்ச் சாயச் சிவப்பும் அவுரி நீலமும் அப்படி அரிப்பதில்லை. பழமைக்கு இது நல்ல அடையாளம்தான், ஆனால் கத்தரியால் வெட்டியும் இந்தப் பள்ளத்தை உண்டாக்குகிறார்கள். வெட்டியது ஒரே மட்டமாக இருக்கும். தானாக அரித்ததில் உயரம் கூடிக் குறையும்.

வேறொரு கடையில் இதே வகை விரிப்பு ஒன்றைப் பார்த்தேன். முனைப் பட்டையை வெட்டியெறிந்து, இயந்திரத்தில் ஓரம் அடித்து, புதிய வெள்ளைக் குஞ்சம் தைத்திருந்தார்கள். கேட்டால், வாங்குபவர்களுக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. நூறு ஆண்டு தாங்கிய நெசவை ஐந்து நிமிட அழகுக்காக வெட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ! தேய்ந்த ஓரத்தோடு வாங்குங்கள். பிரிந்து தொங்கினாலும் பரவாயில்லை.

சாயத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். கம்பளி மயிரை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். நுனி வெளுத்து வேர் மட்டும் பளீரென்று இருந்தால் பெரும்பாலும் செயற்கைச் சாயம். முதல் செயற்கைச் சாயம் 1856-இல் இங்கிலாந்தில் வந்தது. நாடோடிகளின் தறிவரை அது போய்ச் சேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

மஸ்கட்டிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. முனைப் பட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது.

இங்கே பலூச்சிகள் ஏராளம். இன்று பாகிஸ்தானில் இருக்கும் குவாதர் துறைமுகம் 1958 வரை ஓமான் சுல்தானிடம்தான் இருந்தது. அது இருக்கும் மக்ரான் கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாக இங்கே வந்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் பலூச் நண்பரிடம் உங்கள் வீட்டில் பழைய விரிப்பு ஏதும் உண்டா என்று கேட்டேன். அவர் வீட்டில் இருந்ததெல்லாம் அவருடைய தாயார் ஆடையில் போட்ட பூத்தையல். அவ்வளவு நுணுக்கமான தையலை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் முடிச்சு விரிப்பு இல்லை. நாம் தேடுகிற பழைய விரிப்புகளில் மிகப் பெரும்பாலானவை பலூசிஸ்தானில் நெய்யப்பட்டவை அல்ல. ஈரானின் கொராசான், சீஸ்தான் பகுதிகளிலும் ஆப்கானிஸ்தானின் மேற்கிலும் நெய்தவை. நெய்தவர்கள் எல்லாரும் பலூச்சிகளும் அல்ல. தைமூரி, ஐமாக் குடிகளின் வேலையும் இந்தப் பெயரில்தான் சந்தைக்கு வருகிறது.

பிறகு கொராசானில் தொர்பதெ ஜாமுக்குப் போனேன், சூஃபி ஞானி ஷைகு அஹ்மத் ஜாம் அவர்களின் அடக்கத்தலத்தில் ஸியாரத் செய்வதற்காக. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் தரைத்தறி பார்த்தேன். நான்கு முளை, இரண்டு கட்டை, அவ்வளவுதான். இடம் மாற வேண்டுமென்றால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். பல பழைய விரிப்புகள் ஒரு பக்கம் கோணலாக இருப்பதன் காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது. அதைக் குறை என்று தள்ளாதீர்கள்.

அந்த வீட்டுப் பாட்டி முடிச்சே போடாமல் நாலு விரல் அகலத்துக்கு வெறும் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பேரன் அரபியில் விளக்கினான். முதல் வரிசை முடிச்சு நழுவாமல் பிடித்துக்கொள்வது இந்தப் பட்டைதான். முடிக்கும்போது மறு முனையிலும் இதே வேலை. ஆகவே அதை வெட்டினால் அழகு மட்டும் போகாது. முடிச்சு வரிசைகள் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கும். தறியில் இருந்ததை விலைக்குக் கேட்டேன். பேத்தியின் கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

டொராண்டோவிலிருந்து

அண்ணா, நான் உங்கள் அளவுக்குத் தேர்ந்தவள் இல்லை. என்னிடம் இருப்பது ஒரேயொரு தொழுகை விரிப்பு, அதுவும் பழையதல்ல. ஆனாலும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் மூலையில் சுருட்டிக் கிடந்தது. விரித்தபோது மிஹ்ராப் சரியாக இருந்தது. அதன் இரு பக்கமும் நீங்கள் சொன்ன கைக் கட்டங்கள். அவற்றுக்குள் கைகள் இல்லை, ஹெலிகொப்டர்கள். கீழ்க்கரையில் பூ என்று நினைத்தவை டாங்கிகள். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு, பலூச் நெசவாளர்களும் மற்றவர்களும் கண்ணில் பட்டதைத் தறியில் ஏற்றினார்கள். இந்த நகரிலுள்ள கனடா ஜவுளி அருங்காட்சியகம் 2008-இல் இத்தகைய போர் விரிப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். ஹெலி சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது, இதை நெய்த பெண்ணும் வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டிருப்பாள் என்று தோன்றியது. விலை பேசாமல் வாங்கினேன். சிலர் இவற்றை வெளிநாட்டவருக்காகச் செய்த வெறும் சந்தைச் சரக்கு என்கிறார்கள். பின்னால் வந்தவற்றில் பல அப்படித்தான். ஆனால் விற்பதற்காக நெய்ததாலேயே அவள் கண்டது பொய்யாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை.

இப்போது இதைப் படித்துவிட்டு ஓரத்தைப் பார்த்தேன். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், கம்பளிதான், பருத்தி இல்லை. பக்கத்தில் கரிய மயிர் சுற்றியிருக்கிறது. ஒரு முனைப் பட்டை முழுதாக இருக்கிறது. மறு முனை நூலாகப் பிரிந்துவிட்டது. சில இடங்களில் அந்து அரித்த தடமும் தெரிகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

ஷார்ஜாவிலிருந்து மீண்டும்

தங்கச்சி, முதலில் அந்து. விரிப்பைப் பொலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். இடம் போதாவிட்டால் வெளியில் எடுத்து, இரு பக்கமும் வெயில் காட்டித் தூரிகையால் துடையுங்கள். பாச்சை உருண்டையை நேரே மேலே போடாதீர்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள்.

பிரிந்த முனையை எந்தக் கடையிலும் “சரிசெய்ய” விடாதீர்கள். கம்பளி நூலால், கடைசி முடிச்சு வரிசைக்கு வெளியே, இரண்டு மூன்று பாவு நூலைச் சேர்த்துப் பிடித்துக் கையால் தையல் போட்டாலே போதும். மேற்கொண்டு பிரியாது. தொங்கும் நூல் தொங்கட்டும்.

மஸ்கட் தம்பி சொன்ன ஊர்க்கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்கா ஈரானிய விரிப்புகளின் இறக்குமதியை 2010-இல் தடுத்தது, 2016-இல் விட்டது, 2018-இல் மறுபடி தடுத்தது. அந்தத் தடையைத் தாண்ட, ஈரானின் கொராசான் விரிப்பை ஆப்கானிஸ்தானின் ஹெராத் விரிப்பு என்று சொல்லி விற்பதை நானே கேட்டிருக்கிறேன். அதனால் கடைக்காரர் சொல்லும் ஊரைவிட, ஓரமும் முதுகும் சொல்வதையே நான் அதிகம் நம்புகிறேன். தங்கச்சி, உங்கள் விரிப்பின் முதுகையும் முழுதாக இருக்கும் அந்த முனையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். கை அகலத்துக்கு நெருக்கமாக எடுத்தால் முடிச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.