பழைய கேஸ் ஷீட்டை வைத்து ஆய்வு செய்ய எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வேண்டுமா?

கேள்வி – பிஜி மாணவி, சென்னை

வணக்கம். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி படிக்கிறேன். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து 2019 முதல் 2023 வரை எங்கள் வார்டில் சேர்ந்தவர்களில் யாருக்கு விரல் எடுக்க வேண்டி வந்தது, ஏன் வந்தது என்று ஒரு கட்டுரை எழுத ஆசை. நோயாளி யாரையும் நேரில் பார்க்கப் போவதில்லை. ரெக்கார்டு ரூமில் உள்ள கேஸ் ஷீட் மட்டும்தான். "பழைய டேட்டாதானே, கமிட்டி எதற்கு?" என்கிறார் சீனியர். ஆனால் ஜர்னல் படிவத்தில் அனுமதி எண் கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. 40 கேஸ் ஷீட்டை ஏற்கெனவே எக்ஸெலில் ஏற்றிவிட்டேன். பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில் – எத்திக்ஸ் கமிட்டியின் முன்னாள் மெம்பர் செக்ரட்டரி

முதலில் அந்த எக்ஸெல் வேலையை நிறுத்துங்கள் அம்மா. வேலை முடிந்த பிறகு பின்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் அனுமதி தரக் கூடாது.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் மூன்று வழி உண்டு: பரிசீலனையிலிருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டியின் பரிசீலனை. அடையாளம் நீக்கிய மருத்துவப் பதிவுகள் பெரும்பாலும் விரைவுப் பரிசீலனையில் வரும். எந்த வழி என்று முடிவு செய்வது கமிட்டிதான். நீங்களோ உங்கள் சீனியரோ அல்ல. அதனால் விலக்கு கிடைக்கும் என்று தோன்றினாலும் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

நோயாளியின் சம்மதம் பற்றியும் கேட்பார்கள். பழைய பதிவுகளில் அடையாளம் நீக்கியிருந்தாலோ ஆளைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலோ சம்மதத்துக்கு விலக்கு உண்டு. அதைத் தனியாகக் கேட்டு, காரணமும் எழுதுங்கள்.

பதில் – பொது சுகாதார ஆய்வாளர், தரமணி

நான் எடுத்தது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21. பெயர் எதுவுமில்லாத டேட்டா. அதற்கே விண்ணப்பித்து, விலக்குக் கடிதம் வாங்கிய பிறகுதான் தொடங்கினேன். உங்களுடையது ஆஸ்பத்திரி ரெக்கார்டு, இன்னும் கவனம் வேண்டும். எக்ஸெலில் என்னென்ன விவரம் வைத்திருக்கிறீர்கள்?

மாணவி

பெயரை எடுத்துவிட்டேன் அக்கா. ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), வயது, ஏரியா, சேர்ந்த தேதி இருக்கிறது.

பொது சுகாதார ஆய்வாளர்

ஐபி நம்பர் இருந்தால் பெயரே இருக்கிற மாதிரிதான். ரெக்கார்டு ரூமில் அந்த எண்ணைச் சொன்னால் கேஸ் ஷீட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மயிலாப்பூர், 94 வயது, இடது கால் கட்டைவிரல் என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தெருக்காரர்களுக்கு அது எந்தத் தாத்தா என்று தெரியும். ஏரியா வேண்டாம். தேதிக்குப் பதில் எத்தனை நாள் வார்டில் இருந்தார் என்று போடுங்கள். வயதைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஐபி நம்பரையும் உங்கள் வரிசை எண்ணையும் இணைக்கும் பட்டியல் தேவைப்பட்டால் அது தனியாக, உங்கள் கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) இருக்கட்டும். இதையெல்லாம் புரோட்டோகாலிலேயே (கமிட்டிக்குக் கொடுக்கும் ஆய்வுத் திட்டத்திலேயே) எழுதிவிடுங்கள்.

மாணவி

அந்த 40?

முன்னாள் மெம்பர் செக்ரட்டரி

மறைக்காதீர்கள். கைடிடம் இன்றே சொல்லுங்கள். கவரிங் லெட்டரில் இரண்டே வரி: தெரியாமல் தொடங்கினேன், அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தவில்லை. ஃபைலை என்ன செய்ய வேண்டும் என்று கமிட்டி சொல்லட்டும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு முதல் கேஸ் ஷீட்டிலிருந்து புதிதாக எடுங்கள். விரல் போனவர்களின் விவரம் அது. நம்மை நம்பிச் சொன்னார்கள்.

மாணவி

சரி சார். கைடிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறேன்.